வழிநூலும் பதிப்புரிமையும்: ஓட்டப்பிடாரம் சார்ந்த படைப்புகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு படைப்பிலிருந்து பிறக்கும் மற்றொரு படைப்பைப் பதிப்புரிமைச் சட்டம் மொழிபெயர்ப்பு, தழுவல், மீறல் என்னும் சொற்களால் அளக்கிறது. தமிழ் இலக்கண மரபு அதே உறவை முதல், வழி, சார்பு என்னும் சொற்களால் வகைப்படுத்துகிறது. ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளையின் நூல்களையும், அவ்வூரை அடுத்த பாஞ்சாலங்குறிச்சியின் கட்டபொம்மன் குறித்த கதைப்பாடல், நாடகம், திரைப்படம் ஆகியவற்றையும் சான்றாகக் கொண்டு இவ்விரு அளவைகளையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. சட்டத்தின்படி மீறல் இல்லை என்பதாலேயே இலக்கியக் கடன் இல்லை என்று முடிவுகட்டும் போக்கு திறனாய்வுக்கு ஏற்றதன்று என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: பதிப்புரிமை, வழிநூல், சார்புநூல், தழுவல், கதைப்பாடல், வ.உ.சி., கட்டபொம்மன்

முன்னுரை

தூத்துக்குடி மாவட்டத்து ஓட்டப்பிடாரம், தமிழ்ப் படைப்புலகுக்கு இரண்டு பெரும் பொருள்களைத் தந்த நிலப்பகுதி. 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட வீரபாண்டிய கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி இதற்கு மிக அருகில் உள்ளது. 1872 செப்டம்பர் 5ஆம் நாள் வ.உ.சி. பிறந்தது இவ்வூரிலேயே. இவ்விருவரைப் பற்றியும் நூல்கள், நாடகங்கள், திரைப்படங்கள் பல தோன்றியுள்ளன. ஒன்று மற்றொன்றிலிருந்து பொருளைப் பெற்றிருக்கிறது. சில இடங்களில் சொல்லையும் பெற்றிருக்கிறது.

இப்படைப்புகளை ஆராய்வோர் முன் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இவற்றுள் எது எதற்குக் கடன்பட்டது என்பது முதற்கேள்வி. அக்கடனைச் சட்டம் எவ்வாறு காண்கிறது என்பது அடுத்தது. அண்மைக் காலத்தில் திரைக்கதை உரிமை பற்றிய வழக்குகள் பெருகியதன் விளைவாக இரண்டாம் கேள்விக்குரிய விடையையே முதற்கேள்விக்கும் விடையாகக் கொள்ளும் வழக்கம் ஆய்வேடுகளிலும் காணப்படுகிறது. இவ்விரண்டையும் பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டத்தின் அளவை

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 'வழிப்படைப்பு' எனத் தனியே ஒரு வகை இல்லை. அமெரிக்கச் சட்டம் அப்படியொரு வகையை வரையறுத்துள்ளது. இந்தியச் சட்டமோ அதன் உள்ளடக்கத்தைப் பிரித்துக் கூறுகிறது. 14ஆம் பிரிவின்படி இலக்கியப் படைப்பை மொழிபெயர்க்கும் உரிமை, தழுவும் உரிமை, அதனைத் திரைப்படமாக்கும் உரிமை ஆகிய மூன்றும் மூல உரிமையாளருக்கே உரியவை. 'தழுவல்' என்பதை 2ஆம் பிரிவு விளக்குகிறது. நாடகத்தை நாடகமல்லாத வடிவுக்கு மாற்றுதல், இலக்கியத்தை நாடகமாக்குதல், சுருக்குதல், படக்கதையாக்குதல் ஆகியன அதில் அடங்கும். மூலத்தை மாற்றியமைத்துப் பயன்படுத்தும் பிற முறைகளும் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டன.

இவ்வுரிமை எங்கு முடிகிறது என்பதற்கு இன்றும் அடிப்படையாக உள்ளது, ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்சநீதிமன்றம் 1978இல் அளித்த தீர்ப்பு. வழக்குத் தொடுத்தவர் 1953இல் எழுதிய 'ஹம் இந்துஸ்தானி' என்னும் நாடகத்தில் ஒரு பஞ்சாபிக் குடும்பத்துக்கும் ஒரு சென்னை மாகாணக் குடும்பத்துக்கும் இடையே காதலும் மாகாணப் பற்றும் மோதுகின்றன. 1956இல் வெளிவந்த 'நியூ டெல்லி' என்னும் இந்திப் படம் தம் நாடகத்தின் படி என்பது அவர் வாதம். கருத்து, பொருள், கதைக்கரு, வரலாற்றுச் செய்தி, தொன்மச் செய்தி ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை. அவற்றை வெளியிட்ட வடிவுக்கே உரிமை உண்டு என்று நீதிமன்றம் கூறியது. இரண்டையும் கண்ட ஒரு சாதாரணப் பார்வையாளர், பின்னது முன்னதன் படியே என ஐயமின்றி உணர்வாரா என்பதை உரைகல்லாக வைத்து, மீறல் இல்லை எனத் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பில் உடன்பட்டுத் தனியுரை எழுதிய நீதிபதி பதக் ஓர் எச்சரிக்கையையும் பதிவுசெய்தார். முக்கியமற்ற மாற்றங்களைச் செய்தும் கதைக்கருவை விரித்தும் ஒற்றுமையை மறைத்துவிட்டால் உரிமையை எளிதில் மீறலாம் என்னும் எண்ணம் பரவியிருக்கக்கூடும். தெளிவான வழக்கொன்று வரும்போது அதனை நீக்கவேண்டி வரலாம் என்பது அவர் கூற்றின் சாரம். பின்னாளில் இத்தீர்ப்பை மேற்கோள் காட்டுவோர் பலர் இப்பகுதியைக் கடந்துசெல்வது கவனத்திற்குரியது.

இலக்கண மரபின் அளவை

தொல்காப்பிய மரபியல் நூலை முதல், வழி என இரண்டாகப் பகுக்கிறது. வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக வகுக்கிறது. சுருக்கத்தையும் மொழிபெயர்ப்பையும் இன்றைய சட்டம் மூலவருக்குரிய உரிமையாகவே காண்கிறது. ஆகவே இரண்டு அளவைகளும் ஒரே செயல்களைக் கண்டுகொண்டவை. வேறுபடுவது அவற்றின் நோக்கு. சட்டம் அவற்றை அனுமதி வேண்டும் செயல்களாக நிறுத்த, மரபியல் அவற்றை நூலியற்றும் முறைகளாக ஏற்கிறது. நன்னூல் இவற்றோடு சார்புநூலையும் சேர்க்கிறது. வழிநூல் முதனூலின் முடிவை ஏற்றுப் பின்னோன் வேண்டும் வேறுபாடுகளைக் கொள்வது. சார்புநூல் சிலவற்றில் ஒத்துப் பலவற்றில் விலகுவது. இன்று 'உந்துதல் பெற்ற படைப்பு' எனப்படுவதற்கு மிக நெருங்கிய பழஞ்சொல் இதுவே.

இங்குக் குறிப்பாக நோக்கத்தக்கது பாயிர இலக்கணம். ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் கூறவேண்டியன என நன்னூல் எண்ணும் எட்டனுள் ஆக்கியோன் பெயரை அடுத்து 'வழி' இடம்பெறுகிறது. நூல் எதன் வழியே வந்தது என்பதைச் சொல்லாத பாயிரம் இவ்விலக்கணப்படி நிறைவுடையதன்று. சுருங்கக் கூறின், சட்டம் அனுமதியைக் கேட்கிறது. இலக்கணம் அறிவிப்பைக் கேட்கிறது. இன்று ஒருவர் உரிய தொகை கொடுத்து அனுமதி பெற்றுவிட்டு மூலத்தைப் பற்றி வாய்திறவாமல் இருக்க முடியும். அனுமதி தேவைப்படாத மூலத்தைப் பற்றி வாய்திறக்க வேண்டிய கட்டாயமோ இல்லவே இல்லை.

வ.உ.சி.யின் நூல்களில் மூன்று உறவுகள்

வழக்கறிஞராகத் தொழில்புரிந்த வ.உ.சி.யின் எழுத்துப் பணியில் மூலத்தோடு கொள்ளும் உறவு மூன்று வகையாக அமைகிறது: மொழிபெயர்ப்பு, சார்பு, பதிப்பு.

ஜேம்ஸ் ஆலன் 1903இல் வெளியிட்ட 'ஆஸ் எ மேன் திங்கெத்' என்னும் நூலை வ.உ.சி. 'மனம்போல வாழ்வு' எனத் தமிழாக்கி 1909இல் வெளியிட்டார். அதே ஆசிரியரின் மற்றொரு நூல் 'அகமே புறம்' என்னும் பெயரில் 1914இல் வந்தது. இரண்டுக்கும் இடையே ஐந்து ஆண்டுகளே. ஆனால் இதற்குள் சட்டம் மாறிவிட்டது. மாக்மில்லன் நிறுவனம் தொடுத்த வழக்கில் பம்பாய் உயர்நீதிமன்றம், மொழிபெயர்ப்பு மூலநூலின் உரிமையை மீறுவதாகாது என 1895இல் தீர்ப்பளித்திருந்தது. அந்நோக்கின்படி 1909இல் தமிழாக்கம் என்பது தமிழாக்கியவரின் சொந்தப் படைப்பு. பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுச் சட்டம் மொழிபெயர்க்கும் உரிமையை மூலவருக்கு வழங்கியது. அதனைத் தழுவி 1914இல் இந்தியச் சட்டம் இயற்றப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் முதலில் வெளியான நூல்களுக்கு மட்டும் மொழிபெயர்ப்புரிமையைப் பத்தாண்டுகளுக்கு அது வரம்பிட்டது. அக்காலத்துக்குள் ஆசிரியரே ஒரு மொழியில் பெயர்ப்பு வெளியிட்டால் அம்மொழியைப் பொறுத்து வரம்பு நீங்கும். இங்கிலாந்தில் வெளியான ஆலனின் நூலுக்கு இவ்வரம்பு பொருந்தாது.

ஆகவே ஒரே மொழிபெயர்ப்பாளர் ஒரே ஆசிரியரிடமிருந்து ஒரே முறையில் ஆக்கிய இரு நூல்கள், சட்டத்தின் பார்வையில் இரு வேறு பொருள்களாகிவிட்டன. தொல்காப்பியத்தின் கண்ணிலோ இரண்டும் மொழிபெயர்த்த வழிநூல்களே. சட்டத்தின் வகைப்பாடு காலத்துக்கும் நாட்டுக்கும் கட்டுப்பட்டது. படைப்புகளுக்கிடையேயான உறவைக் கூறும் நிலையான விளக்கமாக அதனைக் கொள்ளுதல் இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சிறைவாழ்வின் பயனாக விளைந்து 1914இல் வெளிவந்த 'மெய்யறம்' இரண்டாம் வகை. திருக்குறளின் அதிகார அமைப்பைப் பின்பற்றி 125 அதிகாரங்களில், அதிகாரத்துக்குப் பத்து ஓரடிகளாக இது அமைந்துள்ளது. மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணரியல், மெய்யியல் என்பன இதன் ஐந்து பகுதிகள். வள்ளுவரின் முப்பால் பகுப்பு இங்கில்லை. காமத்துப்பாலுக்கு இணையான தனிப்பகுதி இல்லை. கற்போரை முன்னிறுத்தி நூல் தொடங்குகிறது; அரசியல் பகுதிக்கு ஐம்பது அதிகாரங்கள் அளிக்கப்படுகின்றன. அரச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறைசென்ற ஒருவர் அரசியலுக்கு இத்தனை இடம் ஒதுக்கியதே குறளிலிருந்து இந்நூல் விலகும் இடத்தைக் காட்டுகிறது. திருக்குறளுக்கு எவரும் உரிமை கோர முடியாததால் சட்டத்துக்கு இங்கே சொல்வதற்கு எதுவுமில்லை. திறனாய்வுக்கோ இங்கேதான் வேலை தொடங்குகிறது. ஒத்ததையும் விலகியதையும் கணக்கிட்டு, மெய்யறம் வழிநூலன்று, சார்புநூல் என நிறுவுவது அதன் கடமை.

மூன்றாவது பதிப்பு. திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு 1917இல் வ.உ.சி. பதிப்பித்தார். தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பிக்கும் பணியிலும் ஈடுபட்டார். பழம் மூலத்தில் பதிப்பாசிரியருக்கு உரிமை இல்லை. ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007இல் உச்சநீதிமன்றம் வகுத்த அளவுகோலின்படி, வெறும் திருத்தங்களுக்கு உரிமை பிறப்பதில்லை. ஓரளவேனும் படைப்புத்திறனும் தேர்வும் வெளிப்படும் இடங்களுக்கே அது பிறக்கும். சுவடிகளை ஒப்பிட்டு ஒரு பாடத்தைத் தேர்ந்து ஏனையவற்றை விலக்கும் உழைப்பு இவ்விரண்டில் எதில் அடங்கும்? அச்சில் காண்போருக்கு அது ஓர் எழுத்தின் திருத்தமாகவே தோன்றும். பதிப்பாசிரியருக்கோ அது பல மாத ஆய்வின் முடிவு. ஒருவர் தேர்ந்த பாடத்தைப் பெயர் சுட்டாமல் எடுத்தாளும் வழக்கம் பதிப்புலகில் நீடிப்பதற்குச் சட்டத்தின் இந்த மங்கலும் ஒரு காரணம் எனலாம்.

கட்டபொம்மன்: நிகழ்வும் கற்பனையும் சொல்லும்

சக்தி டி.கே.கிருஷ்ணசாமி எழுதிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நாடகத்தைச் சிவாஜி நாடக மன்றம் 1957இல் மேடையேற்றியது. அவரது வசனத்தோடு பி.ஆர்.பந்துலு இயக்கிய திரைப்படம் 1959 மே மாதம் வெளிவந்தது. அதே மாதத்தில் மருது சகோதரர் வரலாற்றைப் பொருளாகக் கொண்டு கண்ணதாசனின் 'சிவகங்கைச் சீமை'யும் வெளிவந்தது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை இரு வரலாறுகளுக்கும் பொதுவானவர். ஆர்.ஜி.ஆனந்த் தீர்ப்பின் நெறிப்படி, வரலாற்று நிகழ்வு எவருக்கும் தனியுடைமை அன்று என்பதால் இரு படங்களும் அருகருகே நிற்பதில் சட்டச் சிக்கல் இல்லை. நெறி சரியானதே.

ஆனால் கட்டபொம்மன் கதையில் வரலாற்று நிகழ்வு எது? 1798இல் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தது, 1799இல் பானர்மன் நடத்திய படையெடுப்பு, கயத்தாற்றுத் தண்டனை ஆகியவை ஆவணங்களால் அறியப்படும் நிகழ்வுகள். வெள்ளையத்தேவனின் மனைவி வெள்ளையம்மாள் தீக்கனாக் கண்டு, போருக்குப் புறப்படும் கணவனைத் தடுக்கும் இடம் அத்தகையதன்று. அது கதைப்பாடல் மரபு படைத்த காட்சி. திரைப்படத்தில் அது ஒரு பாடலாக உருக்கொண்டு மக்கள் மனத்தில் நிலைத்தது. இதனை 'வரலாற்றுச் செய்தி' எனக் கூறிப் பொதுவில் வைக்க இயலாது. இது ஒரு கற்பனை வெளிப்பாடு. கற்பனைக்கு உரியவர் பெயர் தெரியவில்லை என்பதே வேறுபாடு.

பெயர் அறிந்த ஆசிரியரின் மறைவிலிருந்து 60 ஆண்டு எனக் கணக்கிடும் சட்டத்தில் இத்தகைய வாய்மொழிக் கூட்டுப் படைப்புக்கு இடமில்லை. நா.வானமாமலை பதிப்பித்த 'வீரபாண்டிய கட்டபொம்மு கதைப்பாடல்' 1971இல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அதன் முன்னுரைக்கும் குறிப்புகளுக்கும் பதிப்புரிமை உண்டு, பாடலடிகளுக்கு இல்லை. இன்று ஒருவர் இக்கதையை வில்லுப்பாட்டாக நிகழ்த்தினால் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அந்நிகழ்ச்சியில் அவருக்கு நிகழ்த்துநர் உரிமை கிடைக்கும். தலைமுறை தலைமுறையாகக் கதையை உருவாக்கியோருக்கு எதுவும் கிடைக்காது. நிகழ்வும் கற்பனையும் 'பொது' என்னும் ஒரே பெட்டியில் போடப்படுகின்றன.

இதன் எதிர்முனையையும் காணவேண்டும். திரைப்படம் என்னும் முறையில் 1959ஆம் ஆண்டுப் படத்தின் பதிப்புரிமை 60 ஆண்டுகள் கழிந்து 2019 முடிவில் நிறைவுற்றது. ஆனால் நாடகமும் வசனமும் இலக்கியப் படைப்புகள்; ஆசிரியரின் வாழ்நாளோடு மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் அவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. கப்பம் மறுக்கும் காட்சியின் வசனத்தைப் பள்ளி விழாக்களில் மாணவர் பேசாத ஊர் தமிழகத்தில் அரிது. கல்வி நிறுவனத்துக்குள் ஆசிரியரும் மாணவரும் வரையறுத்த பார்வையாளர் முன் நிகழ்த்துவதற்கு 52ஆம் பிரிவு விலக்கு அளிப்பதால் அதில் தடையில்லை. அச்சொற்கள் கட்டபொம்மன் வாய்ச்சொற்களாகவே கேட்கப்படுகின்றன என்பதே திறனாய்வாளர் கருதவேண்டியது. ஒரு நாடகாசிரியரின் சொல் வரலாறாகக் கருதப்பட, ஒரு மரபின் கற்பனையும் வரலாறாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. இருவரின் படைப்புத்திறனும் இதனால் மறைகிறது.

இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது ஒன்றும் உண்டு. ஓட்டப்பிடாரத்தைச் சேர்ந்த ஜெகவீர பாண்டியனாரின் 'பாஞ்சாலங்குறிச்சி வீர சரித்திரம்', ம.பொ.சிவஞானத்தின் கட்டபொம்மன் நூல் போன்றவை வரலாறாகவே எழுதப்பட்டவை. ஒரு நிகழ்ச்சியை வரலாறு எனக் கூறி எழுதுபவர், அதனைப் பிறர் எடுத்தாள்வதைத் தடுக்கும் உரிமையைத் தம் கூற்றாலேயே இழக்கிறார். வட்டாரத்தில் அலைந்து செவிவழிச் செய்திகளைத் திரட்டிய உழைப்புக்குச் சட்டம் மதிப்பளிப்பதில்லை; அவர் எழுதிய வாக்கியங்களுக்கு மட்டுமே அளிக்கிறது. அவ்வுழைப்பைப் பெயர் சொல்லிக் காட்டும் பொறுப்பு, பின்வரும் ஆசிரியருக்கும் ஆய்வாளருக்குமே உரியதாகிறது.

'கப்பலோட்டிய தமிழன்': ஒரு நல்ல முன்மாதிரி

அதே பந்துலு 1961இல் வ.உ.சி. வாழ்வைத் திரைப்படமாக்கியபோது ம.பொ.சி.யின் வாழ்க்கை வரலாற்று நூலை அடிப்படையாகக் கொண்டு, அதன் தலைப்பையே படத்துக்கும் சூட்டினார். தலைப்புக்குத் தனியே பதிப்புரிமை இல்லை என்பதைக் கிரிஷிகா லுல்லா வழக்கில் உச்சநீதிமன்றம் 2015இல் தெளிவுபடுத்தியது. வாழ்க்கைச் செய்திகளுக்கும் உரிமை இல்லை. ஆயினும் படத்தின் பெயரே அதன் வழியை அறிவித்துவிடுகிறது. பாயிரம் கேட்ட 'வழி' இங்குச் சொல்லப்பட்டுவிட்டது.

படத்தில் பாரதியின் பாடல்கள் இடம்பெற்றதற்குப் பின்னணியாக அமைந்தது வேறொரு நிகழ்வு. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை ஒருகாலத்தில் ஏ.வி.மெய்யப்பனிடம் இருந்ததையும், 1949இல் சென்னை மாகாண அரசு உரிமைகளைப் பெற்றுப் பொதுவாக்கியதையும் ஆ.இரா.வேங்கடாசலபதி விரிவாக ஆராய்ந்துள்ளார். அவ்வாறு பொதுவானதால்தான் 1961இல் ஒரு படம் பாரதி பாடல்களைத் தடையின்றி ஆள முடிந்தது. பாரதியின் பெயர் மறையவும் இல்லை. பொதுவுடைமையாதலும் பெயர் நிலைத்தலும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதற்கு இது சான்று.

ஒரு மறுப்பும் விடையும்

கதைப்பாடல் மரபுக்கும் வட்டார வரலாற்றாசிரியருக்கும் உரிமை வழங்கச் சட்டத்தைத் திருத்தினால் என்ன என்று கேட்கலாம். அவ்வாறு செய்வது வேறொரு தீமைக்கு வழிதிறக்கும். கட்டபொம்மனைப் போற்றிய நூல்கள் உள்ளது போலவே, தமிழ்வாணனின் 'கட்டபொம்மன் கொள்ளைக்காரன்' போன்ற மறுப்பு நூலும் உண்டு. கதையின் உரிமை ஒரு குடும்பத்துக்கோ சமூகத்துக்கோ அமைப்புக்கோ உரியதாகிவிட்டால், மாற்றுக் கருத்து எழுத விரும்புபவர் அவர்களிடமே அனுமதி கேட்கவேண்டிவரும். கருத்தை விடுவித்து வடிவை மட்டும் காக்கும் நெறி இத்தகைய எழுத்துரிமைக்கும் அரணாக இருப்பதை மறத்தல் ஆகாது.

ஆகவே வேண்டுவது அனுமதி உரிமை அன்று, பெயர்சுட்டும் கடமை. உலக அறிவுசார் சொத்து நிறுவனமும் யுனெஸ்கோவும் 1982இல் வகுத்த மாதிரி விதிகள், நாட்டார் வெளிப்பாட்டை எடுத்தாள்வோர் அது எச்சமூகத்திலிருந்து அல்லது எவ்விடத்திலிருந்து வந்தது எனக் குறிப்பிடவேண்டும் என்றன. இந்தியாவில் அதற்கென ஒரு சட்டம் இயற்றப்படவில்லை. நம் பாயிர இலக்கணம் கூறிய 'வழி'யும் இவ்விதியும் ஒரே கருத்தினவே.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. சட்டத்தின் வகைப்பாடு காலத்தோடு மாறுவது. வ.உ.சி.யின் 1909, 1914ஆம் ஆண்டு மொழிபெயர்ப்புகள் இதனைக் காட்டுகின்றன. படைப்புகளுக்கிடையேயான உறவை விளக்க வழி, சார்பு என்னும் மரபுச் சொற்கள் இன்றும் பொருத்தமானவை.

2. வரலாறு சார்ந்த படைப்பில் எடுத்தாளப்பட்டது நிகழ்வா, மரபின் கற்பனையா, ஓர் ஆசிரியரின் சொல்லா என மூன்றாகப் பிரித்து ஆராய்தல் வேண்டும். சட்டம் முதலிரண்டையும் ஒன்றாக்குகிறது. திறனாய்வு அவற்றை ஒன்றாக்குதல் கூடாது.

3. மீறல் உண்டா என்னும் கேள்வி நீதிமன்றத்துக்கு உரியது. கடன் உண்டா, அது சொல்லப்பட்டதா என்னும் கேள்விகள் திறனாய்வுக்கு உரியன. முதற்கேள்விக்கு இல்லை என்னும் விடை கிடைத்தபின்பும் ஏனைய இரண்டும் விடை வேண்டி நிற்கின்றன.

கதைப்பாடலிலிருந்து ஒரு காட்சியை மேற்கோள் காட்டும் ஆய்வேடு, பதிப்பாசிரியரின் பெயரோடு அப்பாடல் வழங்கிய இடத்தையும், பாடியவர் அறியப்பட்டிருப்பின் அவர் பெயரையும் குறிப்பிடுவது இக்கடமையின் எளிய தொடக்கம். அதற்கு எந்தச் சட்டத் திருத்தத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை. கட்டபொம்மன் திரைப்படத்தை ஆராயும் அடுத்த ஆய்வாளர், வெள்ளையம்மாளின் தீக்கனாவைத் திரைக்கதையின் சிறப்பு என்று மட்டும் எழுதிக் கடந்துவிடாமல், பாஞ்சாலங்குறிச்சிக் கதையைப் பாடிய மரபின் ஆக்கம் என்பதையும் எழுதுவாராயின் இவ்வாய்வின் நோக்கம் நிறைவேறியதாகும்.